‘அப்படி நடந்திருந்தால்?’: ரோம, இடைக்கால அரசியலை மாற்றி யோசித்துப் பழக ஒரு வழிகாட்டி

ரோமின் வரலாற்றை எழுதிக்கொண்டே வந்த லிவி, தன் நூலின் ஒன்பதாம் பகுதியில் கதையைச் சற்று நிறுத்திவிட்டு ஒரு கேள்வியைக் கையில் எடுக்கிறார். கி.மு. 323இல் பாபிலோனில் 32 வயதில் இறந்துபோன அலெக்சாண்டர், சாகாமல் இருந்து இத்தாலி மீது படையெடுத்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

‘ரோம்தான் ஜெயித்திருக்கும்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அவர் நகரவில்லை. உட்கார்ந்து எண்ணுகிறார். அலெக்சாண்டர் ஒற்றை ஆள், அவர் சாய்ந்தால் எல்லாம் சாயும். ரோமுக்கோ ஆண்டுதோறும் புதிய கான்சல்கள், அதாவது படையையும் ஆட்சியையும் நடத்தும் தலைவர்கள், வருவார்கள். அந்தக் காலக் கணக்கெடுப்புகளில் இரண்டரை லட்சம் குடிமக்கள் பதிவாகியிருக்கிறார்கள், ஆகவே ஒரு படை அழிந்தால் அடுத்த படையைத் திரட்டலாம். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜும் ரோமோடு சேர்ந்துகொண்டிருக்கலாம். இப்படிப் போகிறது அவர் கணக்கு. சொந்த ஊர்ப் பாசம் அந்தப் பக்கங்களில் நன்றாகவே தெரிகிறது. அலெக்சாண்டர் ஜெயித்திருக்கவும் இடம் உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் லிவி போன வழி சரியான வழி. ஆசைப்பட்டதைச் சொல்லாமல், எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்.

ரோம வரலாற்றையும் இடைக்கால ஐரோப்பிய வரலாற்றையும் படித்துவிட்டு, ‘இது வேறு மாதிரி முடிந்திருந்தால்?’ என்று யோசிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லத்தீன் தெரிய வேண்டியதில்லை. ஒரு நோட்டு, மத்தியதரைக் கடலையும் ஐரோப்பாவையும் காட்டும் ஒரு மேப், ஒரு அளவுகோல், இவை போதும்.

என் முதல் முயற்சியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அதே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். கி.மு. 44 மார்ச் 15 அன்று சீசர் செனட் கூட்டத்துக்குப் போகவில்லை என்று வைத்துக்கொண்டேன். மூன்று நாளில் அவர் கிழக்கே இருந்த பார்த்தியப் பேரரசு மீது படையெடுத்துக் கிளம்புவதாக இருந்தது உண்மை. என் கதையிலும் கிளம்பினார், வென்றார், திரும்பி வந்து நல்லாட்சி தந்தார். இருபது பக்கம் எழுதினேன். சில மாதம் கழித்து எடுத்துப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது: அந்த இருபது பக்கத்தில் சீசரைத் தவிர வேறு யாருமே யோசிக்கவில்லை. பார்த்தியர்கள் தோற்பதற்காகவே வந்து நின்றார்கள். கொல்லத் திட்டமிட்ட அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரு தடவை திட்டம் தவறியதும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதில் வரலாறு இல்லை, என் விருப்பம் மட்டும்தான் இருந்தது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்தத் தவறிலிருந்து வெளியே வர நான் பழகிக்கொண்டவை.

முதல் படி: இரு பக்கமும் சாயக்கூடிய இடத்தைக் கண்டுபிடியுங்கள்

பிரபலமான போரையெல்லாம் திருப்புமுனை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கி.பி. 9இல் டியூட்டோபர்க் காட்டில் ரோமத் தளபதி வாருஸின் மூன்று லீஜியன்களும் (பெரும் படைப்பிரிவுகளும்) அழிந்தன. ‘அவை அழியாமல் இருந்திருந்தால் ஜெர்மானிய நிலம் முழுக்க ரோமின் மாகாணமாகியிருக்கும்’ என்று நிறையப் பேர் தொடங்குகிறார்கள். கொஞ்சம் மேலே படித்துப் பாருங்கள். ஐந்தே வருடத்தில் ரோமத் தளபதி ஜெர்மானிகஸ் பெரும்படையோடு ரைன் நதியைத் தாண்டிப் போகிறார். பறிபோன மூன்று கழுகுச் சின்னங்களில் இரண்டை மீட்டுவிடுகிறார். கி.பி. 16இல் பேரரசர் டைபீரியஸ்தான் ‘போதும், திரும்பி வா’ என்கிறார். அப்படியானால் கதவு அந்தக் காட்டில் மூடவில்லை. ரோமில், டைபீரியஸின் கணக்கில் மூடியது. ஆற்றுக்கு அப்பால் செலவு அதிகம், வரவு குறைவு. அந்தக் கணக்கை மாற்றாமல் போரை மட்டும் மாற்றினால், சில வருடம் தள்ளி அதே முடிவுக்கு வந்து நிற்போம்.

நல்ல இடத்துக்கு ஒரு அடையாளம் உண்டு. முடிவு தெரியாமல்தான் அன்றைக்கு இருந்தவர்களே பணத்தையும் உயிரையும் அதில் போட்டிருப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கி.பி. 460, ஸ்பெயினின் தென்கிழக்குக் கரை, மேற்கு ரோமப் பேரரசர் மஜோரியனின் கப்பல்கள். இந்தக் கட்டுரையில் பாதி தூரம் அவரோடுதான் போகப் போகிறோம்.

இரண்டாம் படி: நடந்ததை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

மாற்றி யோசிப்பதற்கு முன் நடந்தது என்ன என்று தெரிய வேண்டும். ஒரே பக்கம், அதற்கு மேல் வேண்டாம். என் நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொள்வேன்: எப்போது, என்ன நடந்தது, அது யாருக்கு எப்போது தெரியவந்தது. மூன்றாவது பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பின்னால் அதுதான் அதிகம் உதவும்.

மஜோரியனின் பக்கம் இப்படி இருக்கும். 439 அக்டோபரில் வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தின் அரசன் கெய்செரிக் கார்த்தேஜைப் பிடிக்கிறான். மேற்கு ரோமப் பேரரசின் செழிப்பான மாகாணம், தானியமும் வரியும் வந்த இடம், அதோடு கையைவிட்டுப் போகிறது. 454இல் தளபதி ஏட்டியஸைப் பேரரசர் வாலன்டினியன் தன் கையாலேயே கொல்கிறார். அடுத்த மார்ச்சில் அவரும் கொல்லப்படுகிறார். 455இல் கெய்செரிக் ரோமைக் கொள்ளையிடுகிறான். 457இல் மஜோரியன் பேரரசராகிறார். அவருக்குப் பின்னால் இருந்த படைபலம் தளபதி ரிசிமர். 458 குளிர்காலத்தில் பனியில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) பகுதிக்குப் போகிறார். அங்கிருந்த விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாரை ஆர்ல் நகர் அருகே தோற்கடித்துப் பழையபடி உடன்படிக்கைக்குக் கொண்டுவருகிறார். 460இல் ஸ்பெயினுக்கு வருகிறார். சுமார் 300 கப்பல்கள் ஆப்பிரிக்காவுக்குப் போகத் திரட்டப்படுகின்றன. யாரோ துரோகிகள் கெய்செரிக்குக்குத் தகவல் கொடுக்கிறார்கள். வாண்டல்கள் வந்து, கரையில் தயாராகிக்கொண்டிருந்த கப்பல்களையே பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மஜோரியன் சமாதானம் பேசிவிட்டுத் திரும்புகிறார், நேசப்படைகளைக் கலைத்து அனுப்புகிறார். 461 ஆகஸ்ட்டில் வடக்கு இத்தாலியின் டெர்டோனாவில் ரிசிமர் அவரைப் பிடித்து, முடியைப் பறித்து, ஐந்து நாள் கழித்துத் தலையை வெட்டுகிறார்.

இதைச் சேகரிக்கும்போது எது செய்தி, எது கதை என்று பிரித்து வையுங்கள். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு தள்ளி எழுதிய புரோகோபியஸ், மஜோரியன் தன் பொன்னிறத் தலைமுடிக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு, தூதுவன் வேடத்தில் கெய்செரிக்கின் அரண்மனைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்கிறார். அழகான கதை. அதன்மேல் எதையும் கட்ட முடியாது. ஆனால் 458இல் மஜோரியன் போட்ட சட்டம் நம் கையில் இருக்கிறது: ரோமின் பழைய கட்டடங்களை இடித்துக் கல் எடுக்க அனுமதி கொடுக்கும் அதிகாரிக்கு 50 ராத்தல் பொன் அபராதம், துணைபோகும் கீழ்நிலை ஊழியர்களுக்கு அடியும் கை வெட்டும். ஒரு பக்கம் நகரம் தன்னையே தின்றுகொண்டிருக்கிறது, இன்னொரு பக்கம் அதை நிறுத்த ஒருவர் போராடுகிறார். இந்த ஒரு சட்டம் அந்த மனிதரை எனக்கு நெருக்கமாகக் காட்டியது போல எந்தக் கதையும் காட்டவில்லை.

மூன்றாம் படி: ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதையும் சிறியதாக

இனிமேல்தான் மாற்றம். எதை மாற்றலாம்?

‘ரிசிமர் விசுவாசமானவராக இருந்திருந்தால்’ என்று தொடங்காதீர்கள். ஒரு மனிதனின் குணத்தை மாற்றுவது மிகப் பெரிய மாற்றம். அவர் வளர்ந்த சூழல், அவருடைய படை, அவருடைய பயம் என்று எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். காற்று, காய்ச்சல், தவறிய கடிதம், ஒரு நாள் தாமதம் போன்றவற்றை மாற்றுங்கள். அவை எப்படி வேண்டுமானாலும் நடந்திருக்கக் கூடியவை. நம் கதையில் துரோகிகளின் தகவல் இரண்டு வாரம் தாமதமாகப் போய்ச் சேருகிறது. அவ்வளவுதான். கெய்செரிக்கின் ஆட்கள் வரும்போது கரை காலியாக இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, எட்டு வருடம் கழித்து நடந்ததையும் எடுத்துக்கொள்ளலாம். 468இல் கான்ஸ்டான்டிநோபிள் பேரரசர் லியோ, பசிலிஸ்கஸ் தலைமையில் கார்த்தேஜுக்குப் பெருங்கடற்படை அனுப்பினார். 1,113 கப்பல்கள் என்று ஒரு குறிப்பு; 64,000 ராத்தல் பொன்னும் 7,00,000 ராத்தல் வெள்ளியும் செலவானதாக இன்னொரு குறிப்பு. கார்த்தேஜுக்குப் பக்கத்தில் வந்து நின்றபின், கெய்செரிக் ஐந்து நாள் அவகாசம் கேட்டான். பசிலிஸ்கஸ் கொடுத்தார். அந்த ஐந்து நாளுக்குள் காற்று வாண்டல்களுக்குச் சாதகமாகத் திரும்பியது. அவர்கள் தீ வைத்த படகுகளை நெருக்கமாக நின்ற கப்பல்களுக்குள் விட்டார்கள். இங்கே இரண்டு மாற்றம் செய்யலாம். ‘பசிலிஸ்கஸ் அவகாசம் மறுத்திருந்தால்’ என்பது ஒரு மனிதனின் புத்தியை மாற்றுவது; அவர் பணம் வாங்கிவிட்டார் என்ற சந்தேகம் அன்றைக்கே இருந்தது. ‘காற்று இன்னும் ஒரு வாரம் திரும்பாமல் இருந்திருந்தால்’ என்பது வெறும் காற்று. நான் எப்போதும் காற்றைத்தான் எடுப்பேன்.

நான்காம் படி: பணம், தானியம், தூரம்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். பெரும்பாலான மாற்றுக் கற்பனைகள் உடைவது இங்கேதான்.

ஆப்பிரிக்கா ஏன் அவ்வளவு முக்கியம்? படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், சம்பளம் வரியிலிருந்து வர வேண்டும். கார்த்தேஜ் போனபின் மேற்கு அரசாங்கம் எந்த நிலைமைக்கு வந்தது என்பதை அதன் சட்டங்களே ஒப்புக்கொள்கின்றன. இருக்கிற வரியை வைத்துக்கொண்டு புதிய வீரர்களுக்கு மட்டுமல்ல, பழைய வீரர்களுக்கே சோறும் துணியும் கொடுக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு, விற்பனையில் இருபத்துநான்கில் ஒரு பங்கு புதிய வரி போடுகிறார்கள். 445இல், வாண்டல்களின் கையிலிருந்து திரும்பக் கிடைத்த வட ஆப்பிரிக்காவின் நுமிடியா, மௌரிட்டானியா பகுதிகளுக்கு வரி முன்பிருந்ததில் எட்டில் ஒரு பங்காகக் குறைக்கப்படுகிறது. அதற்கு மேல் கசக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

ஆகவே மஜோரியன் ஜெயித்த மறுநாளே பணம் கொட்டாது. மீட்ட நிலத்துக்கு முதல் சில வருடம் வரிச்சலுகைதான் கொடுக்க வேண்டியிருக்கும். கார்த்தேஜையும் அதைச் சுற்றிய வளமான பகுதியையும் பிடித்தால் மட்டுமே கருவூலம் மூச்சு விடும். உங்கள் கற்பனையில் ‘வெற்றி’ என்று எழுதிய இடத்தில் எல்லாம், எந்த ஊர்வரை வெற்றி என்று எழுதிவிடுங்கள். வரி எங்கிருந்து வரும் என்பது அதைப் பொறுத்தது.

அப்புறம் தூரம். மேப்பை விரித்து அளவுகோலை வையுங்கள். ஸ்பெயினின் தென்கிழக்குக் கரையிலிருந்து ஆப்பிரிக்கக் கரை பக்கம்தான். ஆனால் இறங்கிய இடத்திலிருந்து கார்த்தேஜுக்கு நிலவழியே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு படை நாளைக்கு 20 கிலோமீட்டர் நடந்தால் ஐம்பது நாள். வழியெல்லாம் தண்ணீர் வேண்டும். கெய்செரிக் மௌரிட்டானியாவை ஏற்கெனவே பாழாக்கி, கிணறுகளில் நஞ்சு கலந்து வைத்திருந்தான் என்பது நடந்த விஷயம். நவம்பர் முதல் மார்ச் வரை கடலில் கப்பல் விடமாட்டார்கள். ஜூலையில் இறங்கிய படைக்கு நான்கு மாதம்தான் கடல்வழி உதவி வரும்.

இந்த மாதிரி பொருள்களின் பயணத்தைத் தொடர்வது வேறு பாடங்களும் தரும். 408இல் விசிகோத்து அரசன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டு, விலகிப் போவதற்குக் கேட்ட பட்டியலில் 5,000 ராத்தல் பொன், 30,000 ராத்தல் வெள்ளி, 4,000 பட்டுச் சட்டைகளோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. மிளகு நம் மேற்குக் கடற்கரையில் விளைந்தது. ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று யவனர் கப்பல்களை அகநானூறு பாடிய முசிறி வணிகத்தின் பின்தொடர்ச்சி அது. ஒரு நகரத்தின் கிடங்குகளில் அவ்வளவு மிளகு கிடைக்கும் என்று முற்றுகையிட்டவர் நம்பினார் என்றால், 408இல் கூடச் செங்கடல் வழி வணிகம் செத்துவிடவில்லை. ‘ரோம் அப்போதே எல்லாம் இழந்துவிட்டது’ என்று தொடங்கும் எந்தக் கற்பனையும் இந்த மிளகு மூட்டைகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஐந்தாம் படி: ஒவ்வொருவர் நாற்காலியிலும் உட்காருங்கள்

சீசர் கதையில் நான் செய்யாமல் விட்டது இது. ஒரு மாற்றம் நடந்தவுடன் மற்ற எல்லாரும் அதற்குப் பதில் செய்வார்கள். நோட்டில் ஒவ்வொருவருக்கும் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். அவருக்கு என்ன தெரியும், என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார்?

கெய்செரிக்கின் நாற்காலி. வயதானவன், அனுபவசாலி. நேருக்கு நேர் சண்டையை அவன் விரும்புவதில்லை. சமாதானம் பேசுவான், நாள் கடத்துவான், கப்பல்களைத் தேடுவான். 468இல் செய்ததும் அதுதான். கரையில் தப்பிய கப்பல்கள் ஆப்பிரிக்கத் துறைமுகத்தில் மாட்டலாம்.

கால் பகுதியில் ஏஜிடியஸ், மஜோரியனின் நண்பர். நடந்த வரலாற்றில் மஜோரியன் கொல்லப்பட்டபின் ரிசிமர் அமர்த்திய புதிய பேரரசரை இவர் ஏற்கவே இல்லை. சிசிலியில் ரோமத் தளபதி மார்செல்லினஸ் படையோடு இருக்கிறார். விசிகோத்து அரசன் இரண்டாம் தியடோரிக் உடன்படிக்கையில் இருக்கிறான். ஜெயிக்கிற பக்கத்தில்தான் அவன் நிற்பான்.

அப்புறம் ரிசிமர். தந்தை சுவேவி என்ற ஜெர்மானிய இனம், தாய் விசிகோத்து அரச குடும்பம்; ரோமர் அல்ல. தானே பேரரசராக அவருக்கு வழி இல்லை. அவருடைய பலமெல்லாம், பேரரசர் தன்னைச் சார்ந்திருப்பதில்தான் இருக்கிறது. தோற்றுத் திரும்பிய மஜோரியனைக் கொல்ல அவரால் முடிந்தது. வென்று திரும்பும் மஜோரியன் அவருக்கு இன்னும் பெரிய ஆபத்து. மஜோரியன் கையில் பணம் இருக்கும், படைக்கு அவர்மேல் அன்பு இருக்கும். ஆகவே ‘வெற்றி பெற்றால் ரிசிமர் பணிந்துவிடுவார்’ என்று எழுதினால் அது ரிசிமரின் நாற்காலியில் உட்காராமல் எழுதியது. மஜோரியன் ஆப்பிரிக்காவில் ஐம்பது நாள் நடந்துகொண்டிருக்கும்போதே இத்தாலியில் இன்னொருவருக்கு முடிசூட்ட ரிசிமர் முயன்றிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் இந்த நாற்காலிகளில் எல்லாம் உட்கார்ந்து எழுந்தபின் வந்து சேர்ந்த இடம் இது. கார்த்தேஜ் விழுவதற்கு வாய்ப்பு குறைவு. கப்பல்கள் தப்பி, படை இறங்கிவிட்டால், கெய்செரிக் மேற்குப் பகுதிகளை விட்டுக்கொடுத்து, தானியக் கப்பல்களுக்கு வழிவிடுவதாக ஒப்புக்கொண்டு, கார்த்தேஜைத் தக்கவைத்துக்கொள்வான். அது பெரிய வெற்றி இல்லை. ஆனால் மஜோரியன் கலைக்கப்படாத படையோடு, அவமானப்படாமல், இத்தாலிக்குத் திரும்புவார். டெர்டோனாவில் அவர் தனியாக மாட்டமாட்டார். ரிசிமரோடு ஒரு உள்நாட்டுப் போர் வரும். ஏஜிடியஸும் மார்செல்லினஸும் மஜோரியன் பக்கம் நிற்பார்கள். அவர் அதில் ஜெயித்தால் மேற்கு அரசாங்கத்துக்குப் பத்துப் பதினைந்து வருடம் கிடைக்கும். 476இல் ஒடோவாக்கர் ஒரு சிறுவனைப் பதவியிலிருந்து இறக்கிய அந்த எளிய முடிவு அந்த வடிவத்தில் வந்திருக்காது. இதற்கு மேல் சொல்ல என்னால் முடியவில்லை, சொல்லவும் கூடாது.

ஆறாம் படி: எங்கே நிறுத்துவது

ஒரு தலைமுறை, அதாவது முப்பது வருடம் வரை கையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். அதுவரை நமக்குத் தெரிந்த மனிதர்கள் உயிரோடு இருப்பார்கள், அவர்களுடைய குணம் நமக்குத் தெரியும். அதைத் தாண்டினால் வேறு திருமணங்கள், வேறு குழந்தைகள். நமக்குத் தெரிந்த ஒரு பெயர்கூட அங்கே இருக்காது. இதை நன்றாகக் காட்டும் கதை இடைக்கால இங்கிலாந்தில் இருக்கிறது.

1120 நவம்பர் 25, நார்மண்டியின் பார்ஃப்ளூர் துறை. இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றி முன்னால் கிளம்பிவிட்டார். அவருடைய ஒரே முறையான மகன் வில்லியம், 17 வயது, வெள்ளைக் கப்பல் என்ற புதுக்கப்பலில் பின்னால் வருகிறான். கப்பலில் சுமார் 300 பேர். மாலுமிகளுக்கு மது ஏராளமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. ஹென்றியின் சகோதரி மகன் ஸ்டீபன் உடல்நலமில்லாமல் கிளம்புவதற்கு முன் இறங்கிவிட்டான். இருட்டில் கப்பல் பாறையில் மோதியது. வில்லியமைச் சின்னப் படகில் ஏற்றிவிட்டார்கள், அவன் தப்பியிருப்பான். தன் தந்தைக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த சகோதரி கதறுவது கேட்டுப் படகைத் திருப்பச் சொன்னான். தண்ணீரில் தத்தளித்தவர்கள் எல்லாம் ஏறப் பார்க்க, படகு கவிழ்ந்தது. காலைவரை மரத்தைப் பிடித்துக்கொண்டு உயிர் பிழைத்தவன் ருவான் நகரத்துக் கசாப்புக்காரன் ஒருவன், ஆட்டுத்தோல் உடை அணிந்திருந்தான். கப்பல் தலைவன் தாமஸ் நீருக்கு மேல் தலைகாட்டி, இளவரசன் எங்கே என்று கேட்டான், போய்விட்டான் என்று தெரிந்ததும் இனி வாழ்ந்து என்ன என்று மூழ்கிவிட்டான் என எழுதிவைத்திருக்கிறார் அந்தக் காலத் துறவி ஆர்டெரிக் விட்டாலிஸ். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வராது.

நடந்தது இது. ஹென்றிக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் மெட்டில்டாவை ஏற்பதாகப் பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினார். 1135இல் அவர் இறந்ததும் ஸ்டீபன் ஓடிப்போய் முடிசூட்டிக்கொண்டான். அதன்பின் பல வருடம் உள்நாட்டுப் போர். ‘கிறிஸ்துவும் அவருடைய புனிதர்களும் உறங்கிவிட்டார்கள்’ என்று மக்கள் வெளிப்படையாகப் பேசிக்கொண்டதாக அந்தக் கால மடத்துக் குறிப்பு சொல்கிறது. 1154இல் மெட்டில்டாவின் மகன் இரண்டாம் ஹென்றி அரசனானான்.

இப்போது மாற்றுங்கள். படகு திரும்பவில்லை. வில்லியம் பிழைத்துவிட்டான். முதல் பத்து வருடம் தெளிவாகவே தெரிகிறது. அவனுக்கு நார்மண்டிக்குத் தெற்கே இருந்த ஆன்ஜுவின் பிரபுவுடைய மகளோடு ஏற்கெனவே திருமணமாகியிருந்தது, ஆகவே அந்தப் பக்கம் சமாதானம். நார்மண்டிக்கு உரிமை கேட்ட பெரியப்பா மகன் வில்லியம் கிளிட்டோ 1128 வரை தொல்லை கொடுப்பான். பிரெஞ்சு அரசர் ஆறாம் லூயி அவனைத் தூண்டுவார். 1125இல் ஜெர்மன் பேரரசரான கணவரை இழந்த மெட்டில்டா திரும்பி வந்தாலும் ஆன்ஜுவின் ஜெஃப்ரியை மணக்க எந்தக் காரணமும் இல்லை. அந்தத் திருமணம் இல்லையென்றால் 1133இல் இரண்டாம் ஹென்றி பிறக்கவே இல்லை. இந்த இடத்தோடு கை நழுவிவிடுகிறது. அக்விட்டேனின் எலினோர் 1152இல் அவனை மணக்கப் போவதில்லை; அவர்களுடைய மகன்கள், பின்னால் அரசர்களான ரிச்சர்டும் ஜானும் இல்லை. அதன்பின் 1200இல் இங்கிலாந்து எப்படி இருக்கும் என்று கேட்டால் ஒரே நேர்மையான பதில், நோட்டை மூடுவதுதான்.

ஏழாம் படி: அதே நதி வேறு வழியில் வந்துவிடுமா என்று பாருங்கள்

‘ஜான் இல்லை, அதனால் அவரிடம் பிரபுக்கள் வாங்கிய 1215இன் மாக்னா கார்ட்டா சாசனம் இல்லை, அதனால் அரசனைக் கட்டுப்படுத்தும் எண்ணமே இல்லை’ என்று சங்கிலி போடுவது எளிது. ஆனால் பிரபுக்கள் 1215இல் பழைய ஒரு சாசனத்தைக் காட்டித்தான் கேட்டார்கள். அது 1100இல் முதலாம் ஹென்றி முடிசூடியபோது கொடுத்த வாக்குறுதிச் சாசனம். வெள்ளைக் கப்பல் கட்டப்படுவதற்கு முன்பே அது இருக்கிறது. பணம் தேவைப்படும் அரசனும், பணம் கொடுக்க விரும்பாத பிரபுக்களும் எந்தக் கதையிலும் இருப்பார்கள். வேறு தேதியில், வேறு பெயரில், இதே மாதிரி ஒரு தாள் எழுதப்பட்டிருக்கலாம்.

எனவே எழுதி முடித்த ஒவ்வொரு விளைவுக்கும் பக்கத்தில் இன்னொரு கேள்வி போடுங்கள்: இது ஒரு ஆளால் வந்ததா, பல ஆட்களை ஒரே திசையில் தள்ளிய தேவையால் வந்ததா? ஆளால் வந்தது என்றால் துணிந்து மாற்றலாம். தேவையால் வந்தது என்றால் அது திரும்ப வரும். மங்கோலியர் விஷயத்தில் இந்தக் கேள்வி மிகவும் உதவும். 1241 டிசம்பரில் மங்கோலியப் பேரரசர் ஓகோதேய் கான் இறந்தார், 1242இல் ஐரோப்பாவுக்குள் வந்திருந்த படு கானின் படை ஹங்கேரியை விட்டு விலகியது. ஒரு மரணம் ஐரோப்பாவைக் காப்பாற்றியது என்று சொல்லிவிடத் தோன்றும். அந்தப் படையின் ஒவ்வொரு வீரனுக்கும் பல குதிரைகள், அவ்வளவு குதிரைக்கும் புல் வேண்டும், மேற்கே போகப் போகப் புல்வெளி குறைகிறது. கான் பிழைத்திருந்தாலும் புல் வளர்ந்திருக்காது.

சொற்களில் கவனம்

இது சின்ன விஷயம்தான், ஆனால் படிப்பவரை உடனே கதையிலிருந்து வெளியே தள்ளிவிடும். 468இல் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்தவர்கள் தங்களைப் ‘பைசாந்தியர்’ என்று சொல்லிக்கொள்ளவில்லை, ரோமர் என்றே சொன்னார்கள். 1120இல் ஹென்றியின் அரசவையில் பேசியது பிரெஞ்சு. ‘தேசம்’, ‘மக்கள் ஆதரவு’ போன்ற இன்றைய சொற்களை அவர்கள் வாயில் வைக்காதீர்கள். யாருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார்கள், யாருடைய நிலத்தில் இருக்கிறார்கள் என்று எழுதினால் போதும்.

முதல் பயிற்சி

எழுதிப் பழக 1066ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேதிகள் தெளிவாக இருக்கின்றன, ஆட்கள் குறைவு. ஜனவரி 5இல் இங்கிலாந்து அரசர் எட்வர்ட் இறக்கிறார், ஹெரால்ட் அரசனாகிறார். கோடை முழுக்க அவர் தெற்குக் கரையில் படையோடு, அரியணைக்கு உரிமை கேட்ட நார்மண்டிப் பிரபு வில்லியமுக்காகக் காத்திருக்கிறார். வில்லியமோ நார்மண்டியில் கப்பல்களோடு காற்றுக்குக் காத்திருக்கிறார். செப்டம்பர் 8இல் உணவு தீர்ந்து ஹெரால்டின் ஊர்ப்படை கலைகிறது. அதே மாதம் நார்வே அரசர் ஹரால்ட் ஹார்டிராடா சுமார் 300 கப்பல்களோடு வடக்கே இறங்கி, 20ஆம் தேதி ஃபுல்ஃபோர்டில் ஜெயிக்கிறார். ஹெரால்ட் வடக்கே விரைந்து போய் 25ஆம் தேதி ஸ்டாம்ஃபோர்ட் பாலத்தில் அவரை முறியடிக்கிறார். மூன்று நாளில், 28ஆம் தேதி, வில்லியம் பெவென்சியில் கரையிறங்குகிறார். அக்டோபர் 14, ஹேஸ்டிங்ஸ் போர்; வில்லியம் ஜெயிக்கிறார்.

காற்றை மட்டும் மாற்றுங்கள். ஆகஸ்ட் நடுவிலேயே தெற்குக் காற்று வீசி, வில்லியம் கடலைத் தாண்டிவிடுகிறார். கரையில் ஹெரால்ட், களைக்காத படை, இன்னும் மூன்று வாரத்துக்கு உணவு. மேப்பையும் அளவுகோலையும் எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு நாற்காலி போடுங்கள்: ஹெரால்டுக்கு ஒன்று, வில்லியமுக்கு ஒன்று, வடக்குப் பிரபுக்களான எட்வினுக்கும் மோர்காருக்கும் சேர்த்து ஒன்று. நான்காவது ஹார்டிராடாவுக்கு. தெற்கே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது, கப்பல்களோ தயாராகிவிட்டன.